கர்கஷூனாவும் ரஞ்சன்குடியும்

கோட்டை கொத்தளங்களைக் காண்பதற்கென்றே புறப்பட்டுப் போகும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் என்றும் இருந்ததில்லை. நிக்காஹ், ஜனாஸா, பிள்ளைப்பேறு, மருத்துவம் என்று ஏதேனும் ஒரு காரியத்தை முன்னிட்டே பயணம் அமையும். மணமாகி முப்பத்தோராண்டுகள் ஆகியும், நானும் என் இல்லாளும் பார்ப்பதற்காக மட்டுமே ஓர் ஊருக்குப் போனதில்லை. அந்தக் குறை சென்ற தை மாதத்தில் ரஞ்சன்குடியில் தீர்ந்தது. அதற்குக் காரணமானவர், பிரான்சு நாட்டில் பணிபுரியும் என் சகோதரியின் மகனார்.

அவரும் அவருடைய துணைவியாரும் பாரிசிலிருந்து புறப்பட்டு, அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள கர்கஸோன் என்னும் பழைய நகரத்தில் மூன்று நாட்கள் தங்கிவிட்டு வந்தனர். ஓத் என்னும் ஆற்றங்கரைக் குன்றின்மீது இரட்டை மதில் சூழ, ஐம்பத்திரண்டு கோபுரங்களோடு நிற்கும் நகரம் அது. படங்கள் செல்பேசியில் வந்து சேர்ந்தன. என் இல்லாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இந்த மாதிரிக் கோட்டையெல்லாம் நம்ம பக்கம் கிடையாதா? இருந்தால் நாமும் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே” என்றார். அக்கேள்விக்கு ஆம் என்பதைத் தவிர வேறு விடை சொல்ல எனக்கு வழியில்லை. ஏனெனில் பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே உள்ள ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றி, பல ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டு மலரொன்றில் கட்டுரை எழுதியவன் நான். எழுதினேனே தவிர, கோட்டையை நேரில் பார்த்ததில்லை. அக்கட்டுரையில் ஒரு பெரும்பிழை இருந்தது என்பதையும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

ரஞ்சன்குடிக்குப் போவதற்கு முன் கர்கஸோனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். மருமகனார் அனுப்பிய படங்களுள் ஒன்றில், நகரின் தலைவாயிலில் ஒரு பெண்ணின் கற்சிலை காணப்பட்டது. கார்காஸ் சீமாட்டி என்பது அவள் பெயராம். அந்நகரை ஆண்ட முஸ்லிம் தலைவன் ஒருவனின் மனைவியாம். சார்லமேன் சக்கரவர்த்தி ஐந்தாண்டு முற்றுகையிட்டும் நகரம் பணியவில்லை. உள்ளே உணவு தீர்ந்து போக, எஞ்சியிருந்த ஒரே பன்றிக்கு எஞ்சியிருந்த கோதுமையை ஊட்டி, அதை மதிலுக்கு வெளியே எறியச் செய்தாளாம். பன்றிக்கே கோதுமை போடுமளவுக்கு உணவு மிகுந்திருக்கிறதென்று எண்ணி முற்றுகையிட்டவர்கள் கலைந்தனராம். அவள் வெற்றிமணி அடித்ததால், கார்காஸ் ஒலிக்கிறாள் என்று பொருள்படும் பெயர் ஊருக்கு வந்ததாம். முஸ்லிம் அரண்மனையில் பன்றி வளர்த்த கதையைக் கட்டியவருக்கு நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்! உண்மையில் ஊரின் பெயர் உரோமர் காலத்திலேயே கார்காசோ என்று வழங்கியது. சார்லமேன் அரசேறுவதற்கு முன்னரே, அவருடைய தந்தையார் பெப்பின் காலத்தில், அப்பகுதியில் முஸ்லிம்களின் ஆட்சி முடிந்துவிட்டது.

ஆனால் கதைக்கு அடியில் ஒரு வரலாறு இல்லாமலில்லை. அரபு வரலாற்றாசிரியர்கள் இவ்வூரைக் கர்கஷூனா என்று எழுதினர். அந்தலுஸின் ஆளுநராயிருந்த அன்பஸா இப்னு ஸுஹைம் அல்கல்பீ இந்நகரை முற்றுகையிட்டதையும், நகரத்தார் தம் நிலத்தில் பாதியைக் கொடுத்தும், சிறைப்பட்டிருந்த முஸ்லிம்களை விடுவித்தும், ஜிஸ்யா செலுத்த இசைந்தும் உடன்படிக்கை செய்துகொண்டதையும் இப்னுல் அதீர் தம் அல்காமில் என்னும் பெருநூலில் ஹிஜ்ரி 107-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளில் குறித்துள்ளார். கி.பி. 725-ஐ ஒட்டிய காலம் அது. உடன்படிக்கையால் கைமாறிய ஊருக்கு ஐந்தாண்டு முற்றுகைக் கதை எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள். கோட்டைகளைப் பற்றி எழுதப்படுபவை யாவும் கோட்டைக்குரியவை அல்ல என்ற எச்சரிக்கை எனக்கு முதலில் அங்கிருந்துதான் வந்தது.

இன்னொன்று. நாம் படத்தில் காணும் கர்கஸோன் முழுவதும் பழமையானதன்று. 1849-இல் பிரெஞ்சு அரசு அம்மதில்களை இடித்துவிடவே தீர்மானித்தது. ஊர்க்காரரான குரோ மைரெவியேல் என்ற வரலாற்றாராய்ச்சியாளரும் ஊராரும் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது. பின்னர் 1853 முதல் வியொலே லெ தூக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பித்தார். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூம்புக் கூரைகள் அந்நாட்டின் தென்பகுதிக்குரியவை அல்லவென்று அன்றே குறை கூறப்பட்டது. ஆயினும், அன்று ஊரார் வாய்மூடி இருந்திருந்தால் 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற சிறப்புப் பெறுவதற்கு அங்கே ஒரு கல்லும் எஞ்சியிருக்காது.

இனி நம் பயணம். தஞ்சைப் பக்கமுள்ள எங்கள் ஊரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டுத் திருச்சி சேர்ந்து, அங்கிருந்து பெரம்பலூர்ப் பேருந்தில் ஏறினோம். கொள்ளிடப் பாலம், சமயபுரம், பாடாலூர் என்று வண்டி வடக்கே ஓடிற்று. பாடாலூரை அடுத்துத்தான் ஊட்டத்தூர். 1751-இல் ஒரு படை தோற்று ஓடிவந்த பாதையில் நாங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம். இதை நான் சொன்னபோது, “இறங்கின பிறகு சொல்லுங்க, இப்போ வெயில் கண்ணைக் கூசுது” என்று என் இல்லாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெரம்பலூர் வட்டாரம் மானாவாரிப் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த நிலத்தின் வறட்சி முதலில் மனத்தை உறுத்தியது. ஆனால் வி.களத்தூர், லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மண் அது. களத்தூரில் என் இல்லாளின் உறவினர் வீட்டில் இரவு தங்குவதென்று ஏற்பாடு. போகும் வழியில் வாலிகண்டபுரத்தில் இறங்கினோம்.

இன்று சாலையோரச் சிற்றூராகக் காட்சியளிக்கும் வாலிகண்டபுரம், பதினேழாம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராகிய ஷேர்கான் லோதியின் தலைமை இடமாக விளங்கியது. வாலீசுவரர் கோயிலும் பழைய பள்ளிவாசலும் அவ்வூரின் மூத்த அடையாளங்கள். 1673-இன் தொடக்கத்தில் பெலாங்ஜே தெ லெஸ்பினே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து ஷேர்கான் லோதியைக் கண்டார். கடற்கரையில் தம் நாட்டார் தங்கி வாணிகம் செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. ஆளுநர் இசைந்தார். அந்த இடந்தான் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரரின் இந்தியத் தலைநகரம் இந்த வெங்காயச் சந்தைச் சாலையில் வழங்கப்பட்ட ஓர் இசைவினால் உருவாயிற்று என்றால், என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நான்காண்டுகள் கழித்து, 1677-இல், சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது திருவதிகைப் பக்கம் நடந்த போரில் ஷேர்கான் லோதி தோற்றார். கொடுத்தவர் போய்விட்டார், பெற்றவர்கள் இருந்தனர்.

பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, மங்களமேடு வழியாக ரஞ்சன்குடி போய்ச் சேர்ந்தபோது வெயில் சற்றே தாழ்ந்திருந்தது.

கோட்டையை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி நாணமே. இத்தனை ஆண்டுகள் இதைப் பாராமல் எழுதினோமே என்ற நாணம். நன்கு செதுக்கிய கற்களை இசைவாக அடுக்கி எழுப்பிய மதில். அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள். சுற்றிலும் அகழி. நீள்வட்டமாகக் கோட்டை மேட்டின்மீது ஏறிச் செல்கிறது. வெவ்வேறு மட்டங்களில் மூன்று அரண்கள். கீழே உள்ள பரந்த வெளியைப் பேட்டை என்றும், உயர்ந்த பகுதியைக் கோட்டைமேடு என்றும் வழங்குகிறார்கள். மேட்டையும் பேட்டையையும் இணைக்கும் சுரங்கவழி உண்டு. நிலவறைகளும், இடிந்த மாளிகைப் பகுதிகளும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கற்கள் கலையாமல் நிற்கின்றன.

என் இல்லாள் நிலவறை வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “நெல் கொட்டி வைத்தால் எலி வராது” என்றார். நான் வெடிமருந்தை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கலாம். முற்றுகைக்கு ஆயத்தமாகும் கோட்டையில் மருந்துக்கு முன்னால் நெல்தானே வேண்டும்!

இக்கோட்டை கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவரால் பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று குறிப்புகள் கூறுகின்றன. இதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆர்க்காட்டு நவாபு என்னும் பதவியே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த 1690-களில்தான் தோன்றுகிறது. ஆகவே அக்கூற்று சரியானால், அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுக்குள் கோட்டை எழுந்திருக்க வேண்டும். அன்றேல், நவாபுகளுக்கு முந்திய பிஜப்பூர் ஆட்சியில் தொடங்கியிருக்க வேண்டும். வாலிகண்டபுரம் இத்துணை அருகில் இருப்பதைக் கண்ட பின் என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. இது என் கருத்தேயன்றி முடிவன்று.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். ரஞ்சன்குடி என்றதும் யாவரும் சொல்வது 1751-ஆம் ஆண்டின் வாலிகொண்டா போரைத்தான். அப்போரில் ஆங்கிலேயரும் முகம்மதலியும் சேர்ந்து பிரெஞ்சுக்காரரையும் சந்தா சாகிபையும் வென்றனர் என்று பல குறிப்புகளில் காணலாம். நானும் அப்படியே படியெடுத்து எழுதினேன். பின்னர், இராபர்ட் ஓர்ம் எழுதி 1763-இல் முதற்பகுதி வெளியான போர் வரலாற்றைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஓர்ம் அஞ்சுதெங்கில் பிறந்து, கும்பினியின் பணியில் சென்னையில் இருந்தவர், நிகழ்ச்சிகளில் பங்கேற்றவர்களிடமே கேட்டு எழுதியவர், ஆங்கிலேயருக்கு வேண்டியவர். வால்கொண்டா என்று அவர் எழுதுவது இக்கோட்டையையே என்பது பொதுவான கொள்கை. அவர் சொல்வதோ நேர்மாறு. 1751-இல் இங்கே ஆங்கிலேயர் வெல்லவில்லை, ஓடினார்கள்.

நடந்தது இது. 1749 ஆகஸ்டு 3-இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன்கான் கொல்லப்பட்டார். அவருடைய மகனார் முகம்மதலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். முந்திய நவாபு தோஸ்த் அலியின் மருமகனும், மராத்தியரிடம் ஏழாண்டு சிறையிருந்து 1748-இல் மீண்டவருமான சந்தா சாகிபு, பிரெஞ்சுக்காரர் துணையோடு ஆர்க்காட்டுக்கு உரிமை கொண்டாடினார். 1751-இல் அவர் திருச்சியை நோக்கிப் படை நடத்தினார். பிரெஞ்சுப் பிரிவுக்குத் தொத்தேய் என்பவர் தலைவர். அவர்களை வழியில் தடுக்க ஆங்கிலேயத் தலைவர் ஜிஞ்சன்ஸ் வந்தார். முகம்மதலியின் சகோதரர் அப்துல் வஹாபுகானும் உடன் இருந்தார். திருச்சிச் சாலையை ஆளும் இந்தக் கோட்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே வழி என்பதால் இரு தரப்பும் கோட்டைத் தலைவரிடம் பேரம் பேசின. அந்த மனிதர் எவருக்கும் இல்லையென்று சொல்லாமல், எவருக்கும் கதவையும் திறவாமல், வெல்பவர் யாரென்று காத்திருந்தார். அவரைக் கோழை என்பதா, அறிவாளி என்பதா? வெளியே இரண்டு நவாபுகள், இரண்டு ஐரோப்பியக் கும்பினிகள். உள்ளே அவரை நம்பிய குடிகள். அவரைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை.

பொறுமையிழந்த ஜிஞ்சன்ஸ் பேட்டையைத் தாக்கித் தீயிட்டார். கற்கோட்டையைப் பிடிக்க முயன்றபோது அடிபட்டுத் திரும்பினார். ஊர் எரிவதைக் கண்ட கோட்டைத் தலைவர் பிரெஞ்சுக்காரரை வருமாறு அழைத்தார். அடுத்த நாள் காலை அவர்கள் வந்தார்கள். ஆங்கிலேயரின் ஐரோப்பியப் பட்டாளம் திடீரெனக் கலங்கி ஓடத் தொடங்கிற்று. தலைவர்கள் மறித்தும் நிற்கவில்லை. மறித்தவர்களுள் அப்போது இருபத்தைந்து வயதான இராபர்ட் கிளைவும் ஒருவர். அப்துல் வஹாபுகான் குதிரையைச் செலுத்திவந்து ஆங்கிலேயத் தலைவரை நேருக்கு நேர் இடித்துரைத்தார். அதே ஆங்கிலேயப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களோ, மற்றவர் ஓட, தாம் நின்று, இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஓர்ம் அவர்களைக் குறிக்கும் சொல், நம் தமிழில் காப்பிரி என்று வழங்கும் சொல்லேயாகும். அதன் மூலம் அரபியிலுள்ள காஃபிர். ஆப்பிரிக்கக் கீழைக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதிருந்த மக்களை அரபு வணிகர் அவ்வாறு அழைத்தனர். போர்த்துகீசியர் அதைக் கேட்டுத் தம் மொழியில் ஓர் இனத்தின் பெயராக்கினர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்கும் இலங்கைக்கும் தமிழுக்கும் வந்தது. சமயத்தைக் குறித்த ஒரு சொல் இப்படித் தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல்லாக இழிந்தது. அந்த வீரர்கள் எந்தக் கரையில் பிடிக்கப்பட்டவர்களோ, யாரால் விற்கப்பட்டவர்களோ. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. ரஞ்சன்குடிப் பேட்டையில் 1751-இல் மானத்தோடு நடந்துகொண்டவர்கள் அவர்களே.

அன்றிரவே பின்வாங்கிய படை ஊட்டத்தூர் போய், பிறகு கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்குள் ஒடுங்கியது. சந்தா சாகிபு பின்தொடர்ந்து சென்று திருச்சியை முற்றுகையிட்டார். அம்முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் ஆர்க்காட்டின்மேல் பாய்ந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி.

அப்படியானால் ஆங்கிலேயர் வென்றதாகச் சொல்லும் குறிப்பு எங்கிருந்து வந்தது? அடுத்த ஆண்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 1752 ஜூனில் திருவரங்கத்தில் சிக்கிக்கொண்ட தம் படைக்கு உதவியாகத் தொத்தேய் வடக்கிலிருந்து வந்தார். கிளைவ் ஊட்டத்தூரிலிருந்து அவரைத் துரத்த, இதே வால்கொண்டாவில் அவர் சரணடைந்தார். ஓராண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும். பின்னால் வந்தவர்கள் தோல்வியின் ஆண்டையும் வெற்றியின் முடிவையும் ஒட்டிவிட்டார்கள். வென்றவர்களுக்கு அந்த ஒட்டு வசதியாகவும் இருந்திருக்கும்.

இவ்வளவையும் பேட்டை வெளியைப் பார்த்தபடி, மதில் நிழலில் அமர்ந்து சொல்லி முடித்தேன். கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த என் இல்லாள், “ஆக, இந்தப் பக்கம் ஒரு நவாபு, அந்தப் பக்கம் ஒரு நவாபு. எரிஞ்சது யார் வீடு?” என்று கேட்டார்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக வரலாறும் அரபியும் கற்பித்து வருகிறேன். இக்கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. பேட்டையில் குடியிருந்தோர் நெசவாளரா, வணிகரா, எத்தனை வீடுகள் எரிந்தன என்பதற்கு என்னிடம் ஒரு வரி விடையும் இல்லை. “பேட்டை மக்களின் வீடு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சோற்றை எடுத்து வைத்தார். அகழிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் கூப்பிட்டு ஒரு பங்கு கொடுத்தார். “சுரங்கத்தில் பாம்பு இருக்கும், போகாதீங்க அம்மா” என்று அவன் கைம்மாறாக அறிவுரை சொன்னான். அஸர் நேரம் நெருங்கியதும் அங்கேயே துண்டை விரித்துத் தொழுதோம். களத்தூர் போய்ச் சேர்ந்தபோது மஃரிபு கழிந்துவிட்டது.

மறுநாள் திரும்பும் வழியில், திருச்சியில் நத்தர்வலி தர்காவுக்குப் போனோம். 1752 ஜூனில் திருவரங்கத்தில் வேறு வழியற்றுப்போன சந்தா சாகிபு, உயிருக்கு உறுதி கூறிய தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் தம்மை ஒப்புவித்தார். உறுதி காற்றில் பறந்தது. அவர் தலை துண்டிக்கப்பட்டு முகம்மதலியிடம் அனுப்பப்பட்டது. முகம்மதலி வாலாஜா என்ற பட்டத்தோடு நெடுங்காலம் நவாபாக இருந்தார். ஆங்கிலேயரிடம் வாங்கிய கடன் அவருடைய நாட்டையே விழுங்கிற்று. 1795-இல் சென்னையில் மறைந்தார். ஆறே ஆண்டுகளில், 1801-இல், கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். சந்தா சாகிபின் அடக்கவிடமும் முகம்மதலியின் அடக்கவிடமும் இந்த ஒரே தர்காவின் எல்லைக்குள் உள்ளன.

நான் உள்ளே போய் இருவருக்கும் ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தேன். வெளி மண்டபத்தில் அமர்ந்திருந்த என் இல்லாள் செல்பேசியை என்னிடம் நீட்டினார். முந்திய நாள் எடுத்த கோட்டைப் படங்களை அவர் பாரிசுக்கு அனுப்பியிருந்தார். மருமகனாரிடமிருந்து மறுமொழி வந்திருந்தது. “மாமா, இது எந்த நாடு?” என்று கேட்டிருந்தார்.

விவரமாக எழுதி அனுப்பச் சொன்னார் என் இல்லாள். எழுதத் தொடங்கினேன். அதுவே நீண்டு இக்கட்டுரையாயிற்று. பழைய ஆண்டு மலரில் என் கட்டுரையைப் படித்தவர்கள் எவரேனும் இவ்விதழின் வாசகர்களாக இருந்தால், 1751 என்ற ஆண்டுக்கு எதிரே ஆங்கிலேயர் வென்றனர் என்றிருப்பதைத் தோற்றனர் என்று திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.